சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் பேரலைத் தேய்க்க வேண்டுமா?

கேள்வி | 3 ஜூன், இரவு 8.15

.22 போல்ட் ஆக்ஷன் ரைஃபிள். ஒவ்வொரு முறை சுட்டதும் வெண்கல பிரஷ் போட்டு, சால்வென்ட் விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை தேய்க்கிறேன். அப்படியும் 50 மீட்டரில் குரூப் (தாளில் குண்டுகள் விழும் பரப்பு) விரிந்துகொண்டே போகிறது. இன்னும் கடுமையான சால்வென்ட் வேண்டுமா? சுத்தம் போதாமல்தான் பேரல் கெடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

3 ஜூன், இரவு 9.40

எல்லோரும் சொல்வது தலைகீழ். .22 பேரல் சுட்டுக் கெடுவது அபூர்வம். தேய்த்துக் கெடுவதுதான் அதிகம். ஈயக் குண்டு, மெழுகு அல்லது கிரீஸ் பூச்சு, வேகம் நொடிக்கு 330 மீட்டர் அக்கம்பக்கம். இது எஃகை அரிக்கிற அளவுக்குச் சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. எஃகு ராட் கிரௌனில் உரசுவது அப்படியில்லை. குண்டு பேரலை விட்டு வெளியேறும் கடைசி விளிம்பு அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின்னாலிருந்து வரும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும்.

சால்வென்ட் வாங்குவதை நிறுத்துங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: ராட் எந்தப் பக்கமிருந்து போகிறது? துண்டு துண்டாக முடுக்கும் ராடா, ஒரே துண்டா? போர் கைட் இருக்கிறதா?

3 ஜூன், இரவு 10.05 (கேட்டவர்)

முன்பக்கமிருந்து. மூன்று துண்டு அலுமினிய ராட். போர் கைட் என்றால்?

4 ஜூன், காலை 7.20

நினைத்தேன்.

மூன்று துண்டு ராட் அழுத்தினால் நடுவில் வில்லாக வளையும், இணைப்பு விளிம்பு புரியின் (பேரலுக்குள் சுழன்று போகும் வரிப்பள்ளம்) மேட்டில் உரசும். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மெத்தென்ற உலோகத்தில் மண்துகளும் கரியும் பதிந்துகொள்ளும், அப்புறம் அதுவே உப்புத்தாள். ஒரே துண்டாக, பூச்சுப் பூசிய எஃகு அல்லது கார்பன் ஃபைபர் ராட் போதும். பிடி பால்பேரிங்கில் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் துணி புரியோடு திரும்பாமல் குறுக்கே இழுபடும்.

போர் கைட் என்பது போல்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நுழைக்கும் குழாய். நுனியில் ஓ-ரிங் இருக்கும். ராடை நடுவில் நிறுத்தும், சால்வென்ட் டிரிக்கருக்குள்ளும் ஸ்டாக்குக்குள்ளும் (பேரலைத் தாங்கும் கட்டை) வடியாமல் தடுக்கும். டிரிக்கரில் சால்வென்ட் இறங்கிக் காய்ந்து பிசினானால் டிரிக்கர் தாறுமாறாக நடக்கும். அது குரூப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை.

.22க்கு வேலை இவ்வளவுதான்:

மேகசினைக் கழற்று, போல்டைத் திற, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார், சுண்டு விரலால் தொட்டுப் பார். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். ரைஃபிளைப் பேரல் வாய் சற்றுத் தாழ இருக்கும்படி தாங்கியில் வை. ஜேகில் (ராட் நுனியில் துணி மாட்டும் முனை) ஒரு துணி, அதில் 4, 5 சொட்டு சால்வென்ட். சேம்பர் பக்கமிருந்து ஒரே தள்ளு. துணி பேரல் வாய்க்கு வெளியே வந்ததும் அதை எடுத்துவிட்டுத்தான் ராடை இழுக்க வேண்டும். அழுக்குத் துணியோடு திரும்ப இழுத்தால் தள்ளிய கரியை மறுபடி உள்ளே கொண்டுவருகிறீர்கள். 5 நிமிடம் ஊறட்டும். பிறகு உலர்ந்த துணி, மூன்றோ நாலோ. அவ்வளவுதான். பிரஷ் இல்லை.

துணி வெள்ளையாக வராது. வர வேண்டியதும் இல்லை. .22 பேரலில் குண்டின் பூச்சு மெல்லிய படலமாகப் படிந்தால்தான் குரூப் நிலைக்கும். முழுக்கச் சுரண்டிவிட்டால் அடுத்த 10, 20 குண்டு அந்தப் படலத்தை மறுபடி போடுவதிலேயே போய்விடும். ஒவ்வொரு முறையும் சுரண்டுகிறவர் நிலைபெறாத பேரலில்தான் எப்போதும் குரூப் பார்க்கிறார்.

4 ஜூன், காலை 7.32

துணி அளவு விட்டுப்போச்சு. ஓரம் 20 முதல் 25 மி.மீ. சதுரம், துணியின் தடிமனைப் பொறுத்து. உள்ளங்கையின் சீரான அழுத்தத்தில் நகர வேண்டும். சுத்தியல் தேடத் தோன்றினால் துணி பெரிது. ஊதினால் போகிற மாதிரி இருந்தால் சிறிது.

5 ஜூன், இரவு 9.10

ஒருவர் எழுதியிருக்கிறார்: "ராணுவத்தில் தினமும் புல்த்ரூ (துணி கட்டிய கயிற்றைப் பேரல் வழியே இழுப்பது) போட்டோம், ரைஃபிள் எதுவும் கெடவில்லை." கெட்டது. பழைய லீ-என்ஃபீல்டு பேரல்களின் வாயைப் பார்த்தாலே தெரியும், கயிறு சாய்வாக இழுபட்டு ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். அதற்குக் கயிற்றுத் தேய்மானம் என்றே பெயர் உண்டு. புல்த்ரூ கெட்ட கருவி இல்லை. கயிறு பேரலின் நேர்கோட்டில் வர வேண்டும், அவ்வளவுதான். அவசரத்தில் ஆளாளுக்குத் தன் பக்கமாக இழுப்பார்கள்.

தினமும் சுத்தம் செய்யச் சொன்னதற்கு அந்தக் காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. பழைய பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) பொட்டாசியம் குளோரேட். எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட கறியுப்பின் சகோதரன். காற்றிலிருந்து ஈரம் இழுத்து இரவோடு இரவாகத் துரு பிடிக்க வைக்கும். இப்போதைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு கிடையாது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

ஆனால் பழைய ராணுவ மிச்சத் தோட்டா சுடுகிறவர்களுக்கு அந்தக் காரணம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர்கள் செய்யும் தவறு: எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்துவிடுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும். தண்ணீர்தான் மருந்து. சுட்ட அன்றே வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு எடுக்க வேண்டும். சூடாக இருந்தால் உலோகமும் சூடேறிச் சீக்கிரம் காயும். பிறகு உலர்ந்த துணி, பிறகு எண்ணெய், மறுநாள் ஒரு துணி போட்டுச் சரிபார்ப்பு. போல்ட் முகத்தையும், கேஸ் ஆபரேட்டட் (வெடிவாயுவின் அழுத்தத்தில் இயங்கும்) துப்பாக்கியானால் பிஸ்டன், கேஸ் குழாயையும் மறந்தால் பேரல் பளபளவென்று இருக்கும், மற்றது துருவாகும். கரிமருந்துக்கும் இதே வழி, சோப்புத் தண்ணீரோடு.

6 ஜூன், காலை 6.50

"துணி நீலமாக வருகிறது, பேரலுக்குள் இன்னும் செம்பு இருக்கிறது" என்று பதறும் நண்பருக்கு: உங்கள் ஜேக் பித்தளை. அம்மோனியா சேர்ந்த சால்வென்ட் செம்பு கலந்த எதைத் தொட்டாலும் நீலமாகும். ஜேகைத் துடைத்தாலும் நீலம், வெண்கல பிரஷைத் துடைத்தாலும் நீலம். சோதனைக்கு நிக்கல் பூசிய ஜேக், நைலான் பிரஷ். அந்த சால்வென்ட்டை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். 10 நிமிடம், போத்தலில் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் பக்கத்திலேயே வேண்டாம்.

இது செம்பு உறை போட்ட குண்டு சுடும் சென்டர்ஃபயருக்கு (பிரைமர் அடியின் நடுவில் இருக்கும் தோட்டா). .22இல் வெறும் ஈயக் குண்டு சுடுகிறவருக்கு செம்பு சால்வென்ட் எதற்கு?

6 ஜூன், காலை 7.05

திருத்தம். .22இலும் செம்பு முலாம் பூசிய குண்டு உண்டு, வேகத் தோட்டாக்களில் அதுதான் அதிகம் என்று ஒருவர் நினைவூட்டினார். சரி. முலாம் மிக மெல்லியது, அதற்கு மேலே சொன்ன வழியே போதும்.

7 ஜூன், இரவு 10.30

பிரஷே இல்லை என்று எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு. .22 சேம்பரில், உறையின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கரியும் மெழுகும் சேர்ந்து வளையமாக இறுகும். பேரலுக்குள் மற்ற இடம் சுத்தமாக இருந்தாலும் இது வளரும். அறிகுறிகள்: தோட்டா கடைசி ஒரு மி.மீ. முரண்டு பிடிக்கும், போல்ட் கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இறங்கும், நன்றாகப் போன குரூப்பில் காரணமில்லாமல் ஒன்றிரண்டு குண்டு மேலும் கீழும் சிதறும்.

அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ். கரி சால்வென்ட்டில் நனைத்த துணியை அங்கே நிறுத்தி 10, 15 நிமிடம் ஊறவிட்டு, ஒரு அளவு பெரிய வெண்கல பிரஷைச் சேம்பரில் நுழைத்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பேரலுக்குள் கொண்டுபோக வேண்டாம். பேரல் முழுக்க பிரஷ் போடும்போது பாதியில் திசை மாற்றக் கூடாது. இழைகள் மடிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும்.

.22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டாவை லாங் ரைஃபிள் (வழக்கமான நீள .22) சேம்பரில் நிறையச் சுட்டால் இந்த வளையம் இன்னும் பின்னால் விழும். அப்புறம் நீளத் தோட்டா போட்டால் உறை அந்த மேட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. உறையை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

9 ஜூன், காலை 8.00

மூல கேள்விக்கு வருவோம், கேட்டவர் பாவம். குரூப் விரிந்தால் பேரலுக்குள் பார்ப்பது கடைசி வேலை. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

ஆக்ஷனை (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) ஸ்டாக்கோடு பிடிக்கும் திருகுகளில்தான் ஆரம்பம். மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், திருகு தளரும். எத்தனை இறுக்கம் என்பதைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும். மர ஸ்டாக் .22க்கு 20 முதல் 25 இஞ்ச்-பவுண்டு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. இஞ்ச்-பவுண்டு, அடி-பவுண்டு இல்லை. 12 மடங்கு வித்தியாசம், அப்படி உடைந்த திருகுகள் ஏராளம். முக்கியம் எண் அல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே எண்.

ஸ்கோப் வளையத் திருகு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. நாலு மூலையையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக. இறுக்கியபின் வளையத்துக்கும் ஸ்கோப் குழாய்க்கும் குறுக்கே நெயில் பாலிஷில் மெல்லிய கோடு போடுங்கள். கோடு பிளந்திருந்தால் ஸ்கோப் வழுக்கியிருக்கிறது. இதற்கு மேல் மலிவான கருவி கிடையாது.

பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே காகிதத்துண்டைச் செருகி ஆக்ஷன்வரை இழுத்துப் பாருங்கள். முன்பு வழுக்கிப் போன இடத்தில் இப்போது சிக்கினால் ஸ்டாக் வளைந்து பேரலைத் தொடுகிறது.

கிரௌனுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. பேரல் வாயின் உள்விளிம்பில் வைத்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துச் சுற்றுங்கள். ஓரிடத்தில் பஞ்சு நூலாகப் பிடித்தால் அங்கே பிசிறு இருக்கிறது. முன்பக்கமிருந்து அலுமினிய ராட் போட்டவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிசிறு இருந்தால் கிரௌனைப் புதிதாக வெட்டுவது கடைசல் வேலை தெரிந்த துப்பாக்கித் தச்சருக்குச் சின்ன வேலை. நீங்களே உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்.

இத்தனையும் சரியென்றால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். .22இல் ஒரே பெயர் போட்ட தோட்டாவே தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு, விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது வகை போடும்போது முதல் 15, 20 குண்டை மண்மேட்டுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தாளுக்கு வாருங்கள்.

9 ஜூன், இரவு 9.15 (கேட்டவர்)

முன் திருகு கையாலேயே சுற்றியது!! இறுக்கினேன். மூன்று குண்டு போட்டேன், 10 மி.மீ. அற்புதம்.

10 ஜூன், காலை 6.40

திருகுக்கு மகிழ்ச்சி. மூன்று குண்டுக்கு இல்லை.

மூன்று குண்டு குரூப் பொய் சொல்லும், அதுவும் எப்போதும் உங்களுக்குச் சாதகமாக. சிதறல் சீராக இருந்தால், அதே ரைஃபிள் அதே தோட்டாவில் 10 குண்டு குரூப் சராசரியாக மூன்று குண்டு குரூப்பைப் போல 1.6 மடங்கு இருக்கும். 10 மி.மீ. என்பது 16 மி.மீ. ரைஃபிள். குறை ஒன்றுமில்லை, 50 மீட்டரில் அது நல்ல எண்தான். ஆனால் நாளைக்கு 16 வந்தால் கெட்டுப்போச்சு என்று மறுபடி பிரஷைத் தூக்காதீர்கள்.

ஜீரோ வைப்பதும் (ஸ்கோப் காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகத் திருப்புவது) மூன்று குண்டில் வேண்டாம். 10 போடுங்கள், நடுவை எடுங்கள். ஸ்கோப்பின் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7.3 மி.மீ., 50இல் 3.6, 25இல் 1.8. குரூப் நடு 18 மி.மீ. வலது, 11 மி.மீ. கீழ் என்றால் 50 மீட்டரில் 5 கிளிக் இடது, 3 கிளிக் மேல். திருப்பியபின் இன்னொரு 10. ஒவ்வொரு குண்டுக்கும் கிளிக் திருப்புகிறவர் தன் நிழலைத் துரத்துகிறார்.

12 ஜூன், இரவு 9.50

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும். எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு.

பூட்டி வைக்கும்போது பேரலுக்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சரி. சுடுவதற்கு முன் உலர்ந்த துணி இரண்டு கட்டாயம், சேம்பர் உட்பட. பித்தளை உறை வெடிக்கும் நொடியில் விரிந்து சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்ள வேண்டும். சுவரில் எண்ணெய் இருந்தால் கவ்வாது, அந்த விசை முழுக்கப் போல்டின் மேல் விழும். பேரலில் தேங்கிய எண்ணெய் அழுத்தத்தையும் ஏற்றும்.

ஃபயரிங் பின் குழிக்குள் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசியைப் பிடித்துக் களிம்பாகும், குளிரில் கெட்டியாகும், பின் மெல்லத் தட்டும், தோட்டா வெடிக்காது. தோட்டாவைத் திட்டுவார்கள். நீர் விரட்டும் ஸ்பிரே அடித்து மாதக்கணக்கில் வைப்பதும் இதே கதைதான்: ஈரத்தை விரட்டும், பிறகு காய்ந்து பிசினாகும்.

12 ஜூன், இரவு 10.20

வெடிக்காத தோட்டா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் கேலி இல்லை.

பின் தட்டியது, சத்தம் வரவில்லை: பேரலை இலக்குத் திசையிலேயே பிடித்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், பல களங்களில் 60 என்பார்கள். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். உடனே போல்டைத் திறந்தால் அது முகத்துக்கு அருகில் வெடிக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். சத்தம் வந்தது, ஆனால் "ப்ஸ்" என்று. உதை இல்லை. தாளில் ஓட்டை இல்லை. நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் மாட்டியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போட்டால் பேரல் வீங்கும், பெரிய தோட்டாவில் பிளக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, போல்டைக் கழற்றி, ராடை உள்ளே விட்டு எவ்வளவு தூரம் போகிறதென்று பாருங்கள். மாட்டியிருந்தால் பித்தளைக் கம்பியால் தள்ளி எடுக்கும் வேலையைத் தச்சரிடம் விடுங்கள். சுட்டு வெளியேற்ற நினைக்காதீர்கள். வேகமாகச் சுடும் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் இது நேரும், ஏனென்றால் அந்த வித்தியாசமான சத்தத்தைக் காது பதிவு செய்யுமுன் விரல் அடுத்ததை இழுத்துவிடுகிறது.

13 ஜூன், காலை 7.10

காது என்றதும் ஒருவர், ".22க்குக் காதடைப்பு எதற்கு, பட்டாசைவிடச் சின்னச் சத்தம்." .22 ரைஃபிளின் உச்சம் 140 டெசிபெல் அருகில். கணச் சத்தத்துக்கு அதுவே எல்லைக்கோடு. பெரிய ரைஃபிள் 160ஐத் தாண்டும். அடைப்பான், மேலே மஃப் இரண்டும் போட்டால் இரண்டும் சத்தத்தைக் குறைக்கும் எண்களை அப்படியே கூட்டிவிட முடியாது. உயர்ந்த எண்ணோடு ஏறக்குறைய 5 சேரும். கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு மஃபின் ஓரத்தைத் தூக்கிவிடும், அந்த இடைவெளி போதும் காதைக் கெடுக்க. மெல்லிய காம்புக் கண்ணாடி, அல்லது உள்ளே அடைப்பான்.

15 ஜூன், இரவு 9.00

சேமிப்பு. நுரை போட்ட பயணப்பெட்டியில் நீண்ட நாள் வைக்காதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு ஒட்டவைக்கும். தோல் உறை இன்னும் மோசம், பதனிடும் உப்புகள் மிச்சம் இருக்கும். பூட்டிய அலமாரி, தோட்டா தனியாகப் பூட்டில், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். அதைவிட ரொம்பக் குறைந்தால் மரம் வெடிக்கும்.

ஈரமானி சரியாகக் காட்டுகிறதா? ஒரு மூடியில் கறியுப்பு, அதில் சேறு பதத்துக்கு மட்டும் தண்ணீர், கரைந்துபோகக் கூடாது. ஈரமானியோடு சேர்த்து மூடும் பைக்குள் வைத்து 8 மணி நேரம். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் ஈரமானி 5 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிப் படியுங்கள்.

சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மீண்டும் போடலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், சமையல் அடுப்பில் வேண்டாம். ஆரஞ்சு வகை வாங்குங்கள்.

15 ஜூன், இரவு 9.08

குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை உடனே உறையிலிருந்து எடுக்காதீர்கள். உறைக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு வரட்டும். எடுத்துவிட்டால் வெளியே மட்டுமல்ல, பேரலுக்குள்ளும் வியர்க்கும்.

18 ஜூன், காலை 8.20 (கேட்டவர்)

10 குண்டு, 17 மி.மீ. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் குண்டு மட்டும் மேலே போகிறது. பேரலைத் தேய்க்கலாமா?

18 ஜூன், காலை 8.45

தேய்க்க வேண்டாம்!

குளிர்ந்த பேரலின் முதல் குண்டு தனி ஜாதி. பூச்சு இறுகியிருக்கும், எண்ணெய் மிச்சம் இருக்கலாம், தோளும் இன்னும் பழகியிருக்காது. மூன்றில் எதுவென்று பிரிக்க ஒரு வழி: தனித்தாள் ஒன்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளின் முதல் குண்டையும் அதில் மட்டும் போடுங்கள், பக்கத்தில் பென்சிலில் "உலர்ந்தது" அல்லது "எண்ணெய்" என்று குறித்து. 10 ஓட்டை சேரட்டும். எண்ணெய் நாட்கள் மட்டும் மேலே நின்றால் துடைப்பதில் குறை. எல்லாமே ஒரே இடத்தில் மேலே கூடினால் அது ரைஃபிளின் குணம், முதல் குண்டை மண்மேட்டுக்குக் கொடுங்கள். நாலா பக்கமும் சிதறினால் ரைஃபிளை விட்டுவிட்டுத் தோளை, கன்னம் வைக்கும் இடத்தைப் பாருங்கள்.